இன்னொரு பேஸ் வாங்கத் தோன்றும்போது

ரிசப்ஷன் கச்சேரி முடிந்து வீடு வந்து சேர இரவு ஒரு மணி ஆகிவிடும். கேபிளைச் சுருட்டி வைத்துவிட்டுப் படுத்தாலும் தூக்கம் வராது, காதில் டிரம்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும். கை தானாகப் போனை எடுக்கும். கோயம்புத்தூரில் யாரோ ஒரு ஜாஸ் பேஸை, அதாவது ஒரு வகை பேஸ் கிடாரை, விற்பதற்குப் போட்டிருப்பார். சன்பர்ஸ்ட் நிறம், ஆமை ஓட்டு நிறத்தில் தகடு, ஒன்பது படங்கள். ஒன்பதையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கழுத்து உடலோடு சேரும் இடத்தை மட்டும் மறுபடி ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன்.

இருபத்து நாலு வருடமாக பேஸ் வாசிக்கிறேன். ஞாயிறு காலையில் பெரம்பூரில் சர்ச், மற்ற நாட்களில் கல்யாண மண்டபமும் கோயில் திருவிழா மேடையும். இதுவரை ஏழு பேஸ் வாங்கியிருக்கிறேன். இப்போது வீட்டில் இருப்பது மூன்று. இந்த ஆசையை நான் கெட்ட பழக்கம் என்று சொல்ல மாட்டேன். ஒலியின் மேல் பசி இருப்பவனுக்குத்தான் இது வரும். ஆனால் அந்தப் பசி எதைக் கேட்கிறது என்று தெரியாமலே நாலு பேஸ் வாங்கினேன், நாலையும் நஷ்டத்தில் விற்றேன். அந்தப் பணமும் நாட்களும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கிடார் பையின் முன் ஜிப்பில் அது பேனாவோடு இருக்க வேண்டும். வாசிக்கும்போது "இதற்கு வேறு பேஸ் இருந்தால் நன்றாக இருக்குமே" என்று எப்போது தோன்றினாலும், அந்தப் பாட்டு முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, இடம், பாட்டில் எந்த இடம், என்ன குறைந்தது. "நல்ல ஒலி இல்லை" என்று எழுதினால் பிறகு ஒன்றும் புரியாது. "சரணத்தில் கீழே இறங்க இடமில்லை" என்று எழுதினால் புரியும். போனில் படம் பார்த்து ஆசை வந்தாலும் அதையும் எழுதுங்கள்.

மூன்று மாதம் எழுதியதில் என் நோட்டில் இருபத்தாறு வரி சேர்ந்தது. பதினொரு வரி ஒரே புகார்: சத்தம் இருக்கிறது, நோட்டு (வாசிக்கிற ஸ்வரத்தைச் சொல்கிறேன்) தெளிவாக இல்லை. ஒன்பது வரியில் கீழ் ஸ்வரம் போதவில்லை. நாலு வரியில் இரைச்சல். மீதி இரண்டும் படம் பார்த்து வந்தவை. மூன்று மாதமும் நான் மனதில் ஒரே ஆசையைத்தான் சுமந்துகொண்டிருப்பதாக நினைத்தேன். எழுதிப் பார்த்தபோது அது நாலு தனித்தனி விஷயம். நாலுக்கும் மருந்து வேறு.

நோட்டு தெளிவாக இல்லை என்றால்

இந்தப் புகாரில்தான் ஆட்கள் அதிகம் பேஸ் வாங்குகிறார்கள், நானும் வாங்கினேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கம்பியில் ஆரம்பியுங்கள். பேஸில் ஒலியை மாற்றும் பொருட்களில் விலைக்கு ஏற்ற பலன் இதைப் போல வேறு எதிலும் கிடையாது. உருண்டைச் சுற்றுக் கம்பி, அதாவது ரவுண்ட்வௌண்ட், பளிச்சென்று பியானோ மாதிரி ஒலிக்கும். தட்டைச் சுற்று, ஃப்ளாட்வௌண்ட், மொத்தமாக, மெத்தென்று இருக்கும். ஒரே பேஸில் இதைக் கழற்றி அதைப் போட்டால், கண்ணை மூடிக் கேட்பவர் வேறு பேஸ் என்றுதான் சொல்வார். டெட்ராய்ட்டில் மோடவுன் இசைக் கம்பெனியின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962ஆம் வருடத்து ஃபெண்டர் பிரெசிஷன் பேஸ் ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனையோ பாடல்களை வாசித்தார். தட்டைச் சுற்றுக் கம்பிகள்தான், அதையும் லேசில் மாற்ற மாட்டார். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். உலகம் முழுக்க பேஸ் வாசிப்பவர்கள் இன்றும் உட்கார்ந்து கேட்டுப் படிக்கிற வாசிப்பு அது.

சென்னையில் ரவுண்ட்வௌண்ட் கம்பிக்கு ஆயுள் குறைவு. வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்தால் ஆறு வாரத்தில் பளபளப்பு போய்விடும். மாதம் எட்டுக் கச்சேரி வாசிக்கிற என் கைக்கு அதுதான் கணக்கு. புது செட் வாங்கக் கையில் பணம் இல்லாத மாதத்தில் பழைய கம்பியைக் கழற்றி, தளரச் சுருட்டி, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள். சுற்றுக்குள் ஏறிய அழுக்கும் எண்ணெயும் தண்ணீரில் இறங்குவது கண்ணாலேயே தெரியும். துணியால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். இரண்டு, மூன்று வாரம் பழைய பளிச்சு திரும்பும். சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள், இதற்கென்று ஒரு பழைய பாத்திரம் ஒதுக்கிவிடுங்கள்.

கம்பி மாற்றிய பிறகும் சில நோட்டு சலசலத்தால் கழுத்தைப் பாருங்கள். நாலு கம்பியும் சேர்ந்து சுமார் எழுபது கிலோ எடைக்குச் சமமாகக் கழுத்தை இழுக்கின்றன. அந்த இழுப்பைச் சமாளிக்க உள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது, அதுதான் ட்ரஸ் ராட். ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்தாலும், கத்திரி வெயிலில் காய்ந்தாலும் இந்தச் சமநிலை கொஞ்சம் நகரும். புது பேஸ் வேண்டும் என்று எனக்கு நவம்பரில் தோன்றிய பல இரவுகளுக்கு இதுதான் காரணம்.

சோதிக்கும் விதம் இது. பேஸை வாசிக்கிற மாதிரியே மடியில் வைத்து, சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை. இடது கையால் தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டில் அழுத்துங்கள். வலது கையால் அதே கம்பியைக் கழுத்து உடலோடு சேரும் இடத்தில் அழுத்துங்கள். இப்போது கம்பியே ஒரு நேர்கோல். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கத்தில் ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும், ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழையும் அளவு. எனக்கு இரண்டு கையும் பேஸில் இருப்பதால் என் மகள்தான் கார்டை நுழைத்துப் பார்ப்பாள். "போகுதுப்பா", "போகலப்பா" என்று அவள் சொல்வதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் பேஸ் சரிசெய்யப்படுகிறது.

கார்டு தாராளமாக ஆடினால் வளைவு அதிகம், ட்ரஸ் ராடின் நட்டில் ஆலன் சாவியை (அறுகோணச் சாவி) வைத்து வலப்பக்கம் திருப்பி இறுக்க வேண்டும். கார்டு நுழையவே இல்லையென்றால் இடப்பக்கம் திருப்பித் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு முழுச் சுற்றில் எட்டில் ஒரு பங்கு, அதிகம் போனால் கால் சுற்று. பிறகு சுருதி சேர்த்து, சில மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். சாவி அளவு மிகவும் முக்கியம். சில பேஸுக்கு அங்குல அளவுச் சாவி, சிலவற்றுக்கு மில்லிமீட்டர் அளவு. கிட்டத்தட்டப் பொருந்துகிற சாவி ஆபத்தானது. ஒரு ரிப்பேர் கடையில் என் இரண்டாவது பேஸுக்கு அப்படி ஒரு சாவியைப் போட்டுத் திருகினார்கள். நட்டின் ஆறு முனையும் மழுங்கி உருண்டையாகிவிட்டது. அந்தக் கழுத்தை அதற்குப் பிறகு யாராலும் சரிசெய்ய முடியவில்லை. அன்றிலிருந்து இந்த வேலையை நானே செய்கிறேன். முரட்டுத்தனமாகத் தடுத்தால் மட்டும் நிறுத்திவிட்டு விஷயம் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

வளைவு சரியான பிறகுதான் கம்பி உயரம். பிரிட்ஜில், அதாவது உடல் பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் தகட்டில், உள்ள சின்ன ஸ்க்ரூக்களால் ஏற்றி இறக்கலாம். பதினேழாவது ஃப்ரெட்டில் ஈ கம்பிக்கு 2.5 மில்லிமீட்டர், மெல்லிய ஜி கம்பிக்கு 2 என்பது நல்ல தொடக்கம். ஓங்கி அடிக்கிற கை என்றால் இன்னும் கொஞ்சம் வேண்டும். அதன் பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்: அங்கே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டும் ஹார்மோனிக் ஒன்று, அழுத்தி ஒன்று, இரண்டையும் ட்யூனரில் பாருங்கள். அழுத்திய நோட்டு சுருதி ஏறியிருந்தால் சேடிலை, அதாவது பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டை, பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். மேல் ஃப்ரெட்டுகளில் கீபோர்டோடு சேராமல் இருந்தது இதிலேயே தீர்ந்துவிடும்.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்தான் பிக்கப். அதன் உயரத்தை யாரும் தொடுவதே இல்லை. ஈ கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்தினால், கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். ரொம்ப நெருங்கினால் காந்தமே கம்பியைப் பிடித்து இழுக்கும், நோட்டு நிற்காது, அலைபாயும். ஈ கம்பி மட்டும் கத்துகிறது, ஜி கம்பி காணாமல் போகிறது என்றால் இரண்டு ஸ்க்ரூவில் அரைச் சுற்று போதும்.

அப்புறம் கை. கழுத்துக்குப் பக்கத்தில் மீட்டினால் ஒலி உருண்டு வரும், பிரிட்ஜ் பக்கம் போகப் போக இறுகி, ஒவ்வொரு நோட்டும் தனியாகத் தெரியும். நாலு விரல்கடை தூரத்துக்குள் மூன்று பேஸின் ஒலி இருக்கிறது. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜுக்கு முன்னால் கம்பிக்கு அடியில் செருகிப் பாருங்கள். நோட்டு சட்டென்று முடியும், பழைய பதிவுகளில் கேட்கிற அதே "தும்" வரும். ஃபெண்டர் கம்பெனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டரே தொடக்க கால பேஸ்களில் பிரிட்ஜ் மூடிக்குள் இப்படி ஒரு மெத்தையை வைத்துத்தான் விற்றார்.

இவ்வளவும் செய்தபோது என் பதினொரு வரியில் பாதி தீர்ந்தது. மீதிப் பாதிக்குக் காரணம் என் பேஸிலேயே இல்லை. ஒரு ஞாயிறு ஆராதனையை மிக்ஸரிலிருந்து பதிவு செய்து, வீட்டில் ஹெட்போனில் கேட்டேன். நான் ஒரு நோட்டு வாசிக்கும்போதெல்லாம் அதே இடத்தில் கீபோர்டின் இடது கையும் விழுந்துகொண்டிருந்தது. அடுத்த வாரம் கீபோர்டு வாசிக்கும் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"தம்பி, இடது கையை ஒரு ஆக்டேவ் மேல வச்சுக்க முடியுமா?"

"அதுக்கென்னண்ணே. உங்க பேஸ் கேக்கலன்னுதான் நான் கீழ சேர்த்து அமுக்கிட்டு இருந்தேன்."

அவர் எனக்காக வாசித்தார், நான் அவருக்கு மேல் ஒலிக்க வேண்டும் என்று ஆம்பில் பேஸ் குமிழைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். எது எந்த நோட்டு என்று காதுக்குச் சொல்வது நடு அலைவரிசைதான். அன்று கீழ்க்குமிழைக் குறைத்து, நடுக்குமிழைக் கொஞ்சம் கூட்டினேன். முதல் பாட்டிலேயே டிரம்மர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். இதற்காக நான் ஒரு காலத்தில் ஒரு பேஸ் வாங்கினேன் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கீழ் ஸ்வரம் போதவில்லை என்றால்

இது நியாயமான புகார். நம் ஊர்க் கச்சேரியில் பாட்டு எந்த சுருதியில் என்பதைப் பாடகர்தான் முடிவு செய்வார். நாலு கம்பி பேஸின் கீழ்க்கம்பி ஈ, நம் சுருதிக் கணக்கில் மூன்று கட்டை, 41 ஹெர்ட்ஸ். பாடகர் மூன்று கட்டை, நாலு கட்டையில் நின்றால் கீழ் ஸட்ஜம் கையில் இருக்கிறது. இரண்டு கட்டை என்றால் இல்லை. ஏ கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு ஏறித்தான் ஸட்ஜத்தைப் பிடிக்க வேண்டும். பாட்டு முழுக்கப் பள்ளத்துக்கு இறங்க வேண்டிய இடத்தில் நாம் மேட்டில் நின்றுகொண்டிருப்போம்.

இதற்கும் உடனே ஐந்து கம்பி பேஸுக்கு ஓடாதீர்கள். ஈ கம்பியை ஒரு முழுக் கட்டை இறக்கி டி ஆக்கினால் இரண்டு, இரண்டரைக் கட்டைப் பாடல்கள் எல்லாம் சமாளிக்கும். அந்த ஒரு கம்பியில் மட்டும் விரல் இரண்டு ஃப்ரெட் மேலே போக வேண்டும், ஒரு வாரம் வீட்டில் பழகினால் வந்துவிடும். பாட்டுக்கு நடுவே சட்டென்று இறக்க, ஈ கம்பியின் சுருதிச் சாவியோடு வரும் லீவர் ஒன்றும் கிடைக்கிறது. இரண்டு வருடம் நான் அப்படித்தான் ஓட்டினேன்.

பிறகு வரி எழுதிய நோட்டைப் பார்த்தேன். ஒன்பது வரியில் ஆறு வரி ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைப் பாடல்கள். டி வரை இறக்கினாலும் போதாத இடம் அது. அப்போதுதான் ஐந்து கம்பி வாங்கினேன், அதை இன்றைக்கும் சந்தோஷமாக வாசிக்கிறேன். கீழே பி கம்பி, 31 ஹெர்ட்ஸ். ஒரு கட்டை ஸட்ஜம் அதில் முதல் ஃப்ரெட்டிலேயே இருக்கிறது. தேர்ந்தெடுக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: பி கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டையும் அடுத்த ஈ கம்பியை வெறுமனேயும் மாற்றி மாற்றி மீட்டுங்கள். இரண்டும் ஒரே ஸ்வரம். பி கம்பியில் அது சேற்றில் கால் வைத்த மாதிரி அமுங்கினால் அந்த பேஸ் வேண்டாம். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும், சின்ன மேடை மானிட்டரால் இந்த ஆழத்தைக் காட்ட முடியாது. கடையில் பெரிய ஆம்பில் கேட்ட பி, மண்டபத்தில் வயிற்றுக்குத் தெரியும், காதுக்கு அவ்வளவாகத் தெரியாது.

இரைச்சல்

மண்டபத்தில் சீரியல் செட், டிம்மர், ஜெனரேட்டர் எல்லாம் ஒரே ஒயரில் ஓடும். ஜாஸ் பேஸில் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்புகள். ஒன்றை மட்டும் திறந்தால் "ம்ம்ம்" என்று இரையும், இரண்டையும் முழுசாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும். பிரெசிஷன் பேஸில் 1957லிருந்து வரும் பிளவுபட்ட பிக்கப் இயல்பிலேயே இரைச்சலைத் தள்ளும். உங்கள் மேடை பெரும்பாலும் மண்டபம் என்றால் இதை யோசித்து வாங்குங்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் நிற்கிறது என்றால் அது எர்த் சமாசாரம், முதலில் கேபிளையும் பிளக்கையும் பாருங்கள்.

படம் பார்த்து வந்த ஆசை

இதை ஒதுக்கித் தள்ளச் சொல்ல மாட்டேன். கண்ணுக்குப் பிடித்த பேஸைக் கை அடிக்கடி எடுக்கும், அடிக்கடி எடுத்தால் பயிற்சி கூடும். ஆனால் இந்த ஆசைக்கு மட்டும் ஒரு காலக் கெடு வையுங்கள். எனக்கு இது புரட்டாசியில்தான் அதிகம் வரும். கல்யாணம் குறைவு, கை சும்மா இருக்கும், ஆவணியில் சேர்ந்த பணமும் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஐப்பசி முகூர்த்தங்கள் ஆரம்பித்த பிறகும் அதே பேஸ் மனதில் இருந்தால்தான் கணக்கு. அதுவரை, அதே வகை பேஸ் வைத்திருக்கும் நண்பரோடு ஒரு மாதம் மாற்றிக்கொள்ளுங்கள். சென்னையில் பேஸ் வாசிப்பவர்கள் இதற்கு மறுக்க மாட்டார்கள், அவர்களுக்கும் இதே ஆசை இருக்கிறது. கடையில் தனியாக வாசித்து முடிவு செய்யாதீர்கள். தனியாக வாசிக்கையில் இனிக்கிற ஒலி, டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் காணாமல் போவதுண்டு. கச்சேரியில் வாசித்து, பதிவு செய்து கேளுங்கள்.

நான் கேட்டு வளர்ந்தது இளையராஜா பாடல்கள். பேஸ் அதில் தனக்கென்று ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே கூட வரும். அவற்றுக்கு பேஸ் வாசித்த சசிதரனின் வாசிப்பைக் காசெட்டில் தேய்த்துத் தேய்த்துக் கேட்டு, அந்த ஒலிக்காக அலைந்திருக்கிறேன். பேஸ் வரியை எழுதியவர் மனதும் வாசித்தவர் விரலும் அதில் இருக்கின்றன என்பது எனக்குப் பிடிபட மூன்று பேஸ் தேவைப்பட்டது. ஒரு ஒலியின் மேல் ஆசை வந்தால், முதலில் அந்த வரியை உங்கள் பழைய பேஸிலேயே நோட்டு நோட்டாக எடுத்து வாசியுங்கள். பாதி ஒலி அப்போதே கைக்கு வந்துவிடும்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

கையில் இருப்பதால் எந்த விதத்திலும் செய்ய முடியாததைச் செய்கிற பேஸைத்தான் வாங்க வேண்டும். ஐந்து கம்பி அப்படி ஒன்று. ஃப்ரெட் இல்லாத பேஸ் இன்னொன்று. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ் தன் ஜாஸ் பேஸை ஃப்ரெட் இல்லாமல் வாசித்து அதைப் பாட வைத்தார். நமக்கோ கமகம் ரத்தத்திலேயே இருக்கிறது, வழுக்கிப் பிடிக்கிற ஸ்வரத்துக்கு அதைவிடப் பொருத்தமான பேஸ் கிடையாது. ஆனால் சுருதி முழுக்க உங்கள் காதின் பொறுப்பு.

தோள்வலி, மணிக்கட்டு வலி உள்ளவர்கள் கம்பி நீளம் 30 அங்குலமுள்ள குட்டை பேஸைப் பாருங்கள், வழக்கமான அளவு 34. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ் அந்த வகைதான். விலை குறைவு, எடை குறைவு, இரண்டு பக்கமும் ஒரே வடிவம் என்பதால் இடது கைக்காரர் தலைகீழாகப் பிடித்தாலும் அழகு கெடாது. தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து வாங்கிய பேஸ். 1972இல் திருடு போனது அவர் கைக்குத் திரும்பியது என்று 2024இல் செய்தி வந்த அன்று எங்கள் குழுவில் எல்லோருக்கும் ஏதோ நம் வீட்டுப் பொருள் கிடைத்த மாதிரி இருந்தது.

பழைய பேஸ் வாங்கப் போகும்போது உங்கள் கேபிள், ட்யூனர், சின்ன ஹெட்போன் ஆம்ப், ஆலன் சாவிகள் கொண்டு போங்கள். பகலில் போங்கள். தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடி, கழுத்தின் இரண்டு ஓரத்தையும் தண்டவாளம் பார்க்கிற மாதிரி பாருங்கள். வளைவு சரிசெய்யக்கூடியது. முறுக்கு இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ட்ரஸ் ராட் நட்டு திரும்புகிறதா என்று விற்பவரையே கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் காரணம் இருக்கும். பிறகு எல்லா ஃப்ரெட்டையும் எல்லாக் கம்பியிலும் வாசியுங்கள். 20 ஃப்ரெட், நாலு கம்பி, எண்பது நோட்டு, ஐந்து நிமிடம். ஜி கம்பியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள் ஒரு நோட்டு மட்டும் சீக்கிரம் செத்துப்போவது பல பேஸில் உண்டு. அந்த ஸ்வரத்தில் கழுத்தும் சேர்ந்து அதிர்ந்து கம்பியின் சக்தியைக் குடித்துவிடுவதால் வருவது அது. லேசாக இருந்தால் பரவாயில்லை, விலை பேச உதவும். ஒன்பது வோல்ட் பேட்டரி போடுகிற பேஸ் என்றால் பேட்டரி அறையைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். கடைசியாகத் தோளில் மாட்டி, இருபது நிமிடம் நின்றபடியே பேசிக்கொண்டிருங்கள். நாலரைக் கிலோ என்றால் நாலு மணி நேர ரிசப்ஷனில் என்ன ஆகும் என்று தோளே சொல்லிவிடும்.

பணத்தைப் பற்றி வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் ஒவ்வொரு கச்சேரிச் சம்பளத்திலும் முந்நூறு ரூபாயைத் தனி டப்பாவில் போடுகிறேன். அந்த டப்பாவிலிருந்துதான் பேஸ், கம்பி, கேபிள் எல்லாம். "மூணுக்கு மேல வேணாங்க, பீரோ மேல இடமில்ல" என்று மனைவி ஒரு நாள் சொன்னாள். பீரோவின் அகலம் சரியாக மூன்று பைக்குத்தான். நாலாவது வந்தால் ஒன்று போக வேண்டும் என்று அன்றே முடிவு செய்தோம்.

அப்படித்தான் ஐந்து கம்பி வந்தபோது என் முதல் பிரெசிஷன் காப்பி போனது. வாங்க வந்தது வியாசர்பாடியிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி. விற்பதற்கு முந்தின நாள் புதுக் கம்பி போட்டு, கழுத்தைச் சரிசெய்து வைத்திருந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், செத்த கம்பியோடு விற்றால் வாங்குகிறவர் ஆறு மாதத்தில் தன்மேலேயே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார். அதற்கான சரியான ஆலன் சாவி, நான் கழற்றி வைத்திருந்த பழைய சுருதிச் சாவிகள், ஸ்பாஞ்சு துண்டு எல்லாவற்றையும் ஒரு ஜிப் கவரில் போட்டுக் கொடுத்தேன். தம்பி உட்கார்ந்து, ஏ கம்பியை மட்டும் ரொம்ப நேரம் மீட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதுக்கு மேல நல்ல பேஸ் வாங்கணும்னா எப்ப வாங்கலாம்?"

நாற்பது பக்க நோட்டைப் பற்றிச் சொன்னேன். என் மகள் உள்ளே போய், தன் பையிலிருந்து எழுதாத நோட்டு ஒன்றும் ஒரு விசிட்டிங் கார்டும் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். கார்டை எப்படி நுழைக்க வேண்டும் என்று அவளே காட்டினாள்.